அழிக்காதவர்

அவரிடம் அழிரப்பர் கிடையாது. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவரிடம் ஒரு துண்டு ரப்பர் இல்லையே என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்களாம். பென்சிலின் பின்புறத்தில் ரப்பர் ஒட்டி வந்தால், பிளேடால் அதை வெட்டி எறிந்துவிட்டுத்தான் பென்சிலைச் சீவுவார். நானே பார்த்திருக்கிறேன்.

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் நில அளவை அலுவலகம் ஒன்றில் கணிப்புப் பிரிவில் வேலை செய்தார். வெளியே போய் அளந்து வருபவர்கள் குறித்து வரும் கோணங்களையும் தூரங்களையும் வைத்து, எந்த எல்லைக்கல் எங்கே நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவருடைய வேலை. அந்தத் தொழிலில் ஒரு விதி உண்டு. எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது. தவறாக இருந்தால் அதன் குறுக்கே ஒரே ஒரு கோடு. பழைய எண் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மேலே சரியான எண்ணை எழுதிச் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அரசாங்கக் கோப்புகளுக்கு நடுவே வாழ்ந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், விதிகளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களே நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இவர் விதியை வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வீட்டில் சாப்பிடப் போனால், பரிமாறும் முன்பே அறிவிப்பு வரும். "கோழிக்கறியில உப்பு கூடிருச்சு. தெரிஞ்சே சாப்பிடுங்க." உருளைக்கிழங்கு போட்டுச் சமாளித்திருக்கலாமே என்றால், "அப்புறம் அது வேற கறி லா" என்பார்.

மாதா கோயிலில் ஞாயிறு அறிவிப்புகளை வாசிப்பவர் அவர்தான். ஒரு முறை, நோயாளிகளுக்காக வேண்டும்போது சொல்ல வேண்டிய ஒருவரின் பெயரை இறந்தவர்களோடு சேர்த்து வாசித்துவிட்டார். அடுத்த ஞாயிறு மைக்கின் முன்னால் நின்று, "போன வாரம் நான் இறந்தவர்களோடு சேர்த்து வாசித்தவர் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தவறு என்னுடையது" என்றார். கோயிலே சிரித்தது. செத்துப் பிழைத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அவரைத்தான் எல்லாரும் பார்க்கிறார்களே, அறிவிப்பு எதற்கு என்று பாதிரியார் கேட்டாராம். "போன வாரம் வந்துட்டு இந்த வாரம் வராதவங்க இருக்காங்களே, ஃபாதர்?" என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார்.

அவருடைய பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. போட வேண்டிய இடத்திலெல்லாம் அவரே போட்டுவிட்டார், வேண்டாத இடங்களிலும். பின்னாளில் எங்கள் கம்ப்யூட்டர் கழகத்தில் வயது வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் அவர் அக்கா.

இதுவரை சொன்னதை வைத்து அவரை வேடிக்கையான மனுஷி என்று நினைத்தால், சுங்காய் கதையையும் கேட்க வேண்டும். எழுபதுகளில் அங்கே ஒரு ரப்பர் தோட்டம் கைமாறியது. அவர் பிறந்த தோட்டம். ஆற்றோரமாக ஒரு துண்டு நிலத்தில் லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள் மரவள்ளியும் வாழையும் போட்டிருந்தார்கள். அது தோட்டத்தைச் சேர்ந்ததா, அரசாங்கப் புறம்போக்கா என்பது கேள்வி. கணக்கு இவர் கைக்கு வந்தது. புறம்போக்கு என்று விடை வந்தது, கல்லும் நட்டாயிற்று. புது முதலாளி கைவைக்க முடியாது என்று லயத்தில் ஆடு வெட்டினார்கள். அங்கே மரவள்ளி போட்டிருந்தவர்களில் இவருடைய தாய்மாமனும் ஒருவர்.

சில வாரங்கள் கழித்து இவர் யாரும் கேட்காமலே அந்தக் கணக்கை இன்னொரு வழியில் போட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு கோணத்தைக் கூட்டியதில் பிழை. நிலம் தோட்டத்துக்குள்தான் வருகிறது. மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். கல் இடம் மாறியது. வாழையும் மரவள்ளியும் புல்டோசருக்குப் போயின.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா யாருக்குத் தெரியும்?" என்று மாமன் கேட்டாராம்.

"கல்லு தப்பான எடத்துல நிக்குது மாமா."

"கல்லுக்கு என்னா கவலை? எங்களுக்குத்தான் கவலை."

அந்த வருடம் கிறிஸ்மஸுக்கு இவர் கொடுத்தனுப்பிய கேக் பிரிக்காமல் திரும்பி வந்தது. பிறகு ஒவ்வொரு வருடமும் வந்தது. நீங்கள் செய்தது சரிதானா என்று ஒரு நாள் கேட்டேன். "கணக்கு சரி. மத்தது எனக்குத் தெரியல" என்றார். அவரை மரியாதையோடு மட்டுமல்ல, கொஞ்சம் பயத்தோடும் பார்க்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் கழகம் நடத்தினோம். நகலெடுக்கும் கடை ஒன்றின் மாடியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர்கள், ஓர் இரும்பு அலமாரி. அந்த அலமாரிக்கு நூலகம் என்று பெயர். உறுப்பினர்கள் எழுதிய நிரல்கள் டிஸ்க்குகளாக அதில் அடுக்கியிருக்கும். வேண்டியவர் வெறும் டிஸ்க்கைக் கொண்டுவந்து நகலெடுத்துப் போகலாம். பினாங்கு, கோலாலம்பூர் கழகங்களுக்குத் தபாலில் நகல் போகும். அங்கிருந்து எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாது.

நான் செயலாளர். விதிகளை எழுதியவனும் நான்தான். எழுத ஆள் கிடைக்காத எல்லா விதிகளும் என்னிடம்தான் வந்து சேரும். நூலகத்துக்கு வரும் நிரல் உள்ளே எப்படி இயங்குகிறது என்று எல்லாரும் படித்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். யாரும் அதை எடுக்கலாம், மாற்றலாம், தன் நிரலில் சேர்த்துக்கொள்ளலாம். எழுதியவர் பெயரை மட்டும் நீக்கக் கூடாது.

அக்கா கொண்டுவந்த டிஸ்க் தனியாக எந்த வேலையும் செய்யாது. மற்ற நிரல்கள் அதைக் கூப்பிட்டுக் கேட்டால் பதில் சொல்லும். இந்த ஊரில், இந்தத் தேதியில், கடிகாரம் இத்தனை மணி காட்டும்போது சூரியன் எங்கே, சந்திரன் எங்கே, கிரகங்கள் எங்கே, கிழக்கே வானத்தின் எந்தப் பகுதி எழுந்துகொண்டிருக்கிறது என்ற பதில்கள். அலுவலகத்தில் கறுப்புக் கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்த்துத் திசை கணிப்பார்கள். அந்தக் கணக்கிலிருந்து வளர்ந்தது இது.

லேபிளில் 'பதிப்பு ஒன்று' என்று எழுதியிருந்தார். நிரலின் முதல் வரிகளில் பெயரும் வீட்டு முகவரியும்.

"முகவரி எதுக்குக்கா? தேவைன்னா கழகத்துக்கு எழுதட்டுமே" என்றேன்.

"நீங்க ஒரு ஃபைல்ல போட்டு நாடாவைக் கட்டிருவீங்க லா, செக்கரட்டரி. தப்பு இருந்தா ஆள் நேரா என்கிட்ட வரணும்."

"பதிப்பு ஒண்ணுன்னு போட்டா, ரெண்டு வரும்னு அர்த்தம் ஆகுதே?"

"வரும். மனுஷி எழுதுனதுதானே."

அந்த டிஸ்க்கை முதலில் நகலெடுத்தவர்களில் ஒருவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வீடியோ கடை வைத்திருந்தவர். படக் கேசட் வாடகைக்கு விடுவதோடு, கம்ப்யூட்டர் ஜாதகம் என்று பலகை மாட்டினார். ராசிக் கட்டமும் பலனும் அவருடைய நிரல். வானத்தில் எது எங்கே என்ற கணக்கு அக்காவுடையது. தோட்டங்களில் பிறந்த பலருக்கு ஜாதகம் எழுதி வைத்திருக்கவில்லை. பிறந்த நேரம் மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும். அதைக் கொண்டுபோனால் கொஞ்ச நேரத்தில் ஜாதகம் அச்சாகி வந்துவிடும். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்பது பெரிய சொல்லாக இருந்த காலம்.

"அக்கா, நீங்க வேதக்காரவங்க. உங்க கணக்க வச்சு ஜாதகம் போடுறேன், கோச்சுக்காதீங்க" என்றார் அவர்.

"சூரியன் எங்க இருக்குன்னு நான் சொல்றேன். அது மனுஷனை என்னா செய்யும்னு நீங்க சொல்றீங்க. ரெண்டையும் கலந்துறாதீங்க, தம்பி."

ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா மாடியேறி வந்து, குடையைக்கூட மடக்காமல் நின்றார். "செக்கரட்டரி, டிஸ்க்ல தப்பு."

நம் நாட்டில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். எண்பத்திரண்டாம் வருடம் பிறந்த அன்று, தீபகற்பம் முழுவதும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தோம். அதற்கு முன்னால் கிரீன்விச் நேரத்துக்கும் நமக்கும் ஏழரை மணி வித்தியாசம். பிறகு எட்டு மணி. அக்காவின் நிரல் எந்தத் தேதியைக் கொடுத்தாலும் எட்டு மணியையே கழித்தது. வெளியிடும் முன் அவர் சோதித்துப் பார்க்காமல் இல்லை. தாமே சூரியனைப் பார்த்து அளந்து குறித்த நோக்குகளோடு ஒப்பிட்டார், எல்லாம் அச்சாகப் பொருந்தின. அவை அத்தனையும் எண்பத்திரண்டுக்குப் பிறகு எடுத்தவை. இப்போது பழைய நோக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்திருக்கிறார். அரை மணி நேரம் உதைத்தது.

"ஆபீஸ் கடிகாரத்த நாற்காலி போட்டு ஏறித் தள்ளி வச்சதே நான்தான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது.

நான் நடைமுறை அறிந்தவன். திருத்திய நிரலை அதே டிஸ்க்கில் பழையதன் மேல் எழுதிவிடலாம், இனி எடுப்பவர்களுக்குச் சரியானது போகும், பிழை இருந்ததே ஒருவருக்கும் தெரியாது என்றேன். உலகத்தில் பெரும்பாலான திருத்தங்கள் அப்படித்தான் நடக்கின்றன.

"அப்ப ஏற்கெனவே எடுத்தவங்க? அவங்ககிட்டயும் ஒண்ணுன்னு இருக்கும், உங்ககிட்டயும் ஒண்ணுன்னு இருக்கும். ரெண்டும் வேற வேற விடை சொல்லும். எது சரின்னு எவனுக்குத் தெரியும்?"

"சரி, பழையத அழிச்சிட்டு ரெண்டு மட்டும் வைப்போம்."

"ஒண்ணு அலமாரியிலயே இருக்கட்டும். எவனாச்சும் அத வச்சு ஒரு விடை வாங்கிருப்பான். எந்தத் தப்புல மாட்டுனோம்னு அவன் வந்து பார்க்கணும். கொடுத்தத இல்லன்னு சொல்லக் கூடாது."

முதலில் வீடியோ கடைக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டவர் தலையில் கைவைத்தார். "அலாமா! ஏழரைன்னாலே வில்லங்கம்தான்க்கா." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் எண்பத்திரண்டுக்கு முன் பிறந்தவர்கள். அரை மணி நேரத்தில் எல்லாருக்கும் லக்கினம் மாறிவிடாது, ஓரத்தில் பிறந்தவர்களுக்குத்தான் மாறும். அப்படி யாராவது உண்டா என்று அக்கா கேட்டார். போட்டுக் கொடுத்த ஜாதகங்களின் நகல்களை எடுத்து ஒவ்வொன்றாக, அக்கா திருத்திக் கொண்டுவந்த புது நிரலில் ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்றின் முன்னால் கடைக்காரர் நிறுத்தினார்.

ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் ஒரு பெண். ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக வேலை. பாரிட் புந்தாரில் மாப்பிள்ளை பார்த்துப் பேசி முடிக்கிற நேரத்தில் ஜாதகம் கேட்டார்கள். மேஷ லக்கினம், ஏழாம் வீட்டில் செவ்வாய், கடுமையான தோஷம் என்று வந்தது. மாப்பிள்ளை வீட்டார் விலகிவிட்டார்கள். பிறகு வந்த ஓர் இடமும் அதே தாளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. புது நிரலில் அவளுக்கு ரிஷப லக்கினம். செவ்வாய் ஆறாம் வீட்டுக்கு நகர்ந்துவிட்டது. தோஷம் இல்லை.

"சொல்லாதீங்கக்கா" என்றார் வீடியோ கடைக்காரர். "என் பொழப்பு போயிரும்."

"உங்க பேரச் சொல்ல மாட்டேன். என் பேரச் சொல்றேன்."

அன்றே என் பழைய காரில் குனோங் ராபாட் போனோம். பெண்ணின் அப்பா லாரி ஓட்டுநர், அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். அக்கா உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெண்ணின் அப்பா பழைய ஜாதகத் தாளையும் புதியதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது, பிறகு வாடியது.

"இப்ப எம்பொண்ணுக்கு ரெண்டு ஜாதகம் இருக்கு" என்றார் மெதுவாக. "நல்லதக் கொண்டுபோய்க் காட்டுனா, காசு கொடுத்து மாத்தி அடிச்சிட்டேன்னுதான் சொல்வானுங்க. அக்கா, ஒங்களக் கும்பிடுறேன். அந்தப் பழைய டிஸ்க்க இல்லாம ஆக்கிருங்க. கடையில இருக்கிறதையும் அழிச்சிரச் சொல்லுங்க. அப்படி ஒண்ணு இருந்ததே இல்லன்னு ஆயிரட்டும்."

அக்கா மறுத்துத் தலையை அசைத்தார். "பாரிட் புந்தார்ல ஒரு தாள் இருக்கேண்ணே. அத எப்படி அழிப்பீங்க?"

"அப்ப நான் என்னாதான் செய்றது?"

"நான் வாரேன். ரெண்டு தாளையும் கொண்டுபோவோம். தப்பு எங்க இருந்துச்சுன்னு நானே சொல்றேன்."

சுங்காய் மாமனின் முகத்தை நான் பார்த்ததில்லை. அன்று அதுவும் இந்த மனிதரின் முகத்தைப் போலத்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு மூவரும் பாரிட் புந்தார் போனோம். வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எங்களை மரியாதையாகவே உட்கார வைத்தார். கழுத்தில் சிலுவையோடு ஒரு பெண் கல்யாண ஜாதகத்தைப் பற்றிப் பேச வந்தது அவருக்கு வினோதமாக இருந்திருக்க வேண்டும்.

"நீங்க இதெல்லாம் நம்புவீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ஆனா நேரம் தப்பா இருந்துச்சு. அது என் தப்பு. நீங்க நம்புறதா இருந்தா சரியான நேரத்த வச்சு நம்புங்க."

அக்கா இரண்டு தாள்களையும் மேசையில் விரித்து விளக்கினார். அந்த அம்மா கவனமாகக் கேட்டார். கடிகாரம் மாறியது அவருக்கும் ஞாபகம் இருந்தது. கடைசியில் புதுத் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு, "ஒங்கள நம்புறேன். பொய் சொல்றவ பழைய தாளக் கொண்டாந்து காட்ட மாட்டா" என்றார். பெண்ணின் அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ஆனா பையனுக்குத் தைப்பிங்ல முடிச்சாச்சே. டீச்சர் பொண்ணு, கவர்மெண்டு வேலை. இந்த ஜாதகம் வந்த அதே வாரம் பாக்கு வெத்தலை மாத்திட்டோம்."

அதே வாரம். ஒரு வாரத்தில் யாரும் பெண் தேடி, பார்த்து, பேசி, பாக்கு வெற்றிலை மாற்றிவிட முடியாது. தைப்பிங்கில் முன்பே பேச்சு நடந்திருக்கிறது. செவ்வாய் அவர்களுக்கு வசதியான நேரத்தில் வந்து உதவியிருக்கிறது. எனக்கு அங்கேயே புரிந்தது. பெண்ணின் அப்பாவுக்கும் புரிந்திருக்கும். அக்கா மட்டும், திரும்பும் வழியில் தைப்பிங் தாண்டும்போது, "நான் அந்த வாரத்துக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கணும்" என்றார். வீட்டு வாசலில் இறங்கிய அந்த மனிதர் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

பதிப்பு இரண்டின் டிஸ்க்கைப் போட்டதும் முதல் திரையில் வர வேண்டிய அறிவிப்பை அக்கா எழுதினார். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். "பதிப்பு ஒன்றில் பிழை உண்டு. எண்பத்திரண்டுக்கு முந்திய நேரங்களுக்கு அது அரை மணி நேரம் தவறான விடை தரும். பிழை என்னுடையது. அதனால் ஒரு பெண்ணின் திருமணம் நின்றது. அதற்கும் நானே பொறுப்பு." கீழே பெயர், முகவரி.

இப்படி ஓர் அறிவிப்பு எந்த நாட்டு நடைமுறையிலும் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றிய வரியை அவளுடைய சம்மதம் இல்லாமல் போடக் கூடாது என்று அவருக்கே பட்டது. மறுபடியும் குனோங் ராபாட்.

அப்பா வேலைக்குப் போயிருந்தார். பெண் வேலை முடிந்து வந்து சீருடையோடு இருந்தாள். அவளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தாளை வாங்கி நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"கடைசி ரெண்டு வரி வேணாம்க்கா."

"உன் பேரு போடலையேம்மா."

"பேருக்காகச் சொல்லல. அப்பா எல்லாம் சொல்லிட்டாரு. அந்த அரை மணி நேரம் உங்களோடது. கல்யாணத்த நிப்பாட்டுனது அவங்க. அதை ஏன் நீங்க எடுத்துக்கிறீங்க?"

"என் கணக்குதானேம்மா அவங்க கைல காரணத்தக் கொடுத்துச்சு?"

"அது இல்லன்னா வேற ஒண்ணு தேடியிருப்பாங்க. நான் ஃபேக்டரில வேலை செய்றேன், அவ டீச்சரு. உங்க தப்பு எவ்வளவோ அவ்வளவு எழுதுங்க. கூட எழுதுனா அதுவும் தப்புக் கணக்குதானே?"

கிண்டலாகச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் தையல் கோணிய சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது பேசுகிற குரலாக இருந்திருக்கலாம். அக்கா தாளைத் திரும்ப வாங்கி அந்த இரண்டு வரிகளையும் படித்தார். சுங்காய் கல்லும், மாமனும், திரும்பி வந்த கேக்குகளும் அவர் மனதில் ஓடினவா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் துணிச்சல் இல்லை.

"சரிம்மா" என்றார் கடைசியில். "நீ சொன்னதுதான் சரி. அறிவிப்பில உன்னப் பத்தி வேற ஒண்ணு போடலாமா?"

பதிப்பு இரண்டு அலமாரிக்குப் போனது. பக்கத்திலேயே பதிப்பு ஒன்றும் இருந்தது. புது அறிவிப்பில் பிழை அரை மணி நேரம், பிழை என்னுடையது என்பதோடு நின்றுவிட்டார். அதன் கீழே, என் விதிகளில் இல்லாத ஒரு வரி இருந்தது. 'சரிபார்த்தவர்: குனோங் ராபாட்டைச் சேர்ந்த ஒருவர்.'

பினாங்குக் கழகத்திலிருந்து ஒருவர் எழுதிக் கேட்டார். வானியல் கணக்கைச் சரிபார்க்கும் அளவுக்குக் குனோங் ராபாட்டில் யார் இருக்கிறார், அவர் எதைச் சரிபார்த்தார் என்று.

'பிழை எவ்வளவு என்பதை' என்று பதில் எழுதினேன்.